ஏழு சுற்றும் முக்காலும்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் பழைய சாமான் விற்கும் கடைகள் சில உண்டு. ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் ஆசையாக வாங்குவார்கள் என்பதால் படி, மரக்கால், பித்தளைத் தூக்கு, முறுக்குப் பிழியும் மரக்குழல் எல்லாம் வாசலிலேயே தூசி தட்டி அடுக்கியிருக்கும். அப்படி ஒரு கடையில் விலைச்சீட்டு ஒட்டாத சாமான் ஒன்று கிடந்தது. ஏழரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான விட்டத்தில் ஓர் இரும்புத் தட்டு. நடுவில் தறைந்த ஆணி. அந்த ஆணியை இரண்டு பக்கமும் கவ்வி நிற்கும், நுனி பிளந்த இரும்புக் கைப்பிடி. தள்ளினால் தட்டு சுற்றும், அவ்வளவுதான்.

பெரிய அளவில் சப்பாத்தி வெட்டுகிற சக்கரம் என்றார் ஒருவர். தையல்காரர் துணியில் புள்ளி வைக்கிற உருளை என்றார் இன்னொருவர். பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற வண்டி என்பது கடைக்காரப் பையனின் கட்சி. எழுபதைத் தாண்டிய வண்டிக் கொல்லர் ஒருவர், கதவுக்குப் பழைய கீல் தேடி அங்கே வந்தார். சாமானைக் கையில் எடுத்தவர் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். பல் இல்லை, கூர் இல்லை. அப்படியானால் இது எதையும் குத்துகிறதும் இல்லை, வெட்டுகிறதும் இல்லை. கைப்பிடியைப் பார்த்தார். உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. ஆக, வருஷக்கணக்காக யாரோ வேலை செய்த சாமான், விளையாட்டுப் பொருள் இல்லை. தட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். விளிம்பில் உளியால் போட்ட ஒற்றை வெட்டு.

"சாக்பீஸ் இருக்கா தம்பி?"

"இது எதுக்கு தாத்தா?"

"உலைக்களத்துச் சாமான். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏத்துறதுக்கு."

பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. உலைக்களத்துச் சாமான் என்றால் கரி பிடித்திருக்க வேண்டாமா, நுனி வெந்து கறுத்திருக்க வேண்டாமா? இதில் நெருப்புப் பட்ட தடமே இல்லையே என்றான். கேட்க வேண்டிய கேள்விதான். பெரியவர் சிரித்துக்கொண்டே, "நெருப்பு வெக்கிறதுக்குள்ள இதுக்கு வேலை முடிஞ்சிடும்" என்றார்.

வண்டிக்குப் பட்டா ஏற்றுவதை வேடிக்கை பார்த்தவர்களுக்கு நினைவில் நிற்பது நெருப்பு மட்டும்தான். வட்டமாக அடுக்கிய வறட்டி, நடுவே சிவந்த இரும்பு வளையம், தண்ணீர் ஊற்றியதும் எழும் ஆவி. அந்தச் சூட்டு வேலை கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முந்தைய நாள் முழுக்க நடந்தது அளவு வேலை. அதைப் பார்க்க யாரும் கூடுவதில்லை. பட்டா நிற்பதும் நழுவுவதும் அந்த ஆறிய இரும்பில் எடுத்த அளவில்தான் இருக்கிறது என்பது அவர் தொழிலில் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு அவர் போய்ச் சேர்ந்தது செங்கம் பக்கத்தில் இருந்த தாய்மாமன் பட்டறையில். ஆரம்பத்தில் துருத்தி இழுப்பது மட்டுமே வேலை. சம்மட்டி கைக்கு வர வருஷங்கள் ஆயின. சக்கரத்தின் மரவேலை தச்சருடையது: நடுவில் குடம், அதில் இறங்கும் ஆரக்கால்கள், ஆரக்காலின் வெளிநுனியை வாங்கிக்கொள்ளும் வட்டைகள். இரண்டு ஆரக்காலுக்கு ஒரு வட்டை என்று ஆறு வட்டை சேர்ந்தால் ஒரு முழு வளையம். குடத்துக்கும் வட்டைக்கும் கருவேலம் என்றால் வண்டிக்காரர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

தச்சர் கொண்டுவந்து போடும் புதுச் சக்கரத்தைப் பார்த்தால், வட்டைக்கும் வட்டைக்கும் நடுவே மெல்லிய இடுக்கு தெரியும். தெரியாதவர்கள் அதை மட்டமான வேலை என்பார்கள். அது தெரிந்தே விட்ட இடுக்கு. வட்டைகள் முன்பே இறுக முட்டிக்கொண்டிருந்தால், பட்டா ஆறிச் சுருங்கும்போது இழுத்துக் கட்ட இடமே இருக்காது. மாமா அந்த இடுக்குகளில் ஒவ்வொன்றாக விரல்நகத்தை விட்டுப் பார்ப்பார். ஆறு இடுக்கும் சேர்ந்து எவ்வளவு என்று மனசுக்குள் கூட்டிக்கொள்வார். பட்டாவை எவ்வளவு குறைத்துக் கட்ட வேண்டும் என்பது அந்தக் கூட்டலில் இருந்தது.

புதுப் பட்டாவுக்கு அளவெடுக்க எந்தக் கருவியும் வேண்டாம். நீளமான பட்டை இரும்பைத் தரையில் போட்டு, சக்கரத்தில் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டில் தொடங்கி இரும்பின் மேலேயே உருட்டிக்கொண்டு போனால் கோடு மறுபடி தரையைத் தொடும் இடம்தான் சுற்றளவு. இதற்கு மேல்தான் கணக்கு. நேரான பட்டையை வளைத்தால் உட்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் நீளும். அதற்கு ஈடாக இரும்பின் கனத்தைப் போல் மூன்று மடங்கு சேர்க்க வேண்டும். அரை அங்குலக் கனம் என்றால் ஒன்றரை அங்குலம். இரண்டு முனையையும் சரித்து அடித்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சேர்க்கிற இடத்துக்கு இன்னொரு கனம். பிறகு இறுக்கத்துக்கு வேண்டியதைக் கழிக்க வேண்டும். கூட்டலும் கழித்தலும் ஒரே நேரத்தில் வருவதால் குழப்பம் இங்கேதான் நுழையும். பள்ளியில் படித்தவர்கள் இதையே பை என்று எழுதி, 3.14 என்று போடுவார்கள். மாமாவுக்கு மூன்றும் அதற்கு மேல் துளியும் என்றால் போதும்.

சரி, புதுப் பட்டாவுக்கே தேவைப்படாத கருவி எதற்கு?

பழைய பட்டாவுக்கு. திருவண்ணாமலைக் கத்திரி வெயிலில் மரம் ஈரம் வற்றிச் சுருங்கும். இரும்பு அதோடு சேர்ந்து சுருங்காது. வைகாசி வரும்போது பட்டா தளர்ந்து, வண்டி போகப் போக "லொடக் லொடக்" என்று சத்தம் போடும். விவரமான வண்டிக்காரர் சத்தம் கேட்டதும் சக்கரத்தைக் கழற்றி ஏரியிலோ குட்டையிலோ ஊறப் போடுவார். மரம் நீர் குடித்து உப்பும், பட்டா தற்காலிகமாக இறுகும். சிலர் பட்டாவுக்கும் வட்டைக்கும் நடுவே சிராய் அடித்து ஓட்டுவார்கள். ஏரியே வற்றிப்போன வருஷங்களில் இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. அப்போது பட்டறை வாசலில் சக்கரங்கள் வரிசை கட்டும்.

தளர்ந்த பட்டாவைத் தட்டிக் கழற்றினால் கையில் இருப்பது மூடிய வளையம். அதன் உட்சுற்றளவு எவ்வளவு என்று தெரிய வேண்டும். சக்கரத்தை அதற்குள் வைத்து உருட்ட முடியாது. கயிறு உட்புறமாக ஒட்டி நிற்காது, நழுவும். நாடா வளையும், மடங்கும். அங்கேதான் இந்தச் சின்னச் சக்கரம் வேண்டும். முதலில் மரச் சக்கரத்தின் வெளிவிளிம்பில் ஒரு சாக்பீஸ் கோடு. கருவியின் வெட்டை அந்தக் கோட்டில் பொருத்தி, சுற்றி ஓட்டி, வெட்டு எத்தனை முறை வந்துபோகிறது என்று எண்ண வேண்டும். ஏழு சுற்றும் முக்காலும் என்று வைத்துக்கொண்டால், அந்த முக்கால் முடிகிற இடத்தில் தட்டின் மேல் இன்னொரு சாக்பீஸ் கோடு. அப்புறம் அதே தட்டைப் பட்டாவின் உட்புறத்தில் ஓட்ட வேண்டும். ஏழு சுற்று முடிந்து கோடு எங்கே வருகிறது, பட்டா எங்கே முடிகிறது, நடுவில் எவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளிதான் தளர்ச்சி. அதோடு இறுக்கத்துக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டு, அவ்வளவு நீளத்தைப் பட்டாவிலிருந்து வெட்டியெடுத்து மறுபடி ஒட்ட வேண்டும்.

கவனித்தால், இதில் எண் எதுவும் தேவைப்படவில்லை. அடி, அங்குலம், முழம், சென்டிமீட்டர் எதுவாயிருந்தாலும் கருவிக்குக் கவலையில்லை. இரண்டு பொருளை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். 1956-இல் சட்டம் வந்து நாடு மீட்டருக்கு மாறியபோது கடைக்காரர்கள் படியையும் எடைக்கல்லையும் மாற்றினார்கள். இதை வைத்திருந்தவர் எதையும் மாற்ற வேண்டியிருந்திருக்காது.

ஆனால் கருவி தன் வயதைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கிறது. செங்கம் சாலைக் கடையில் இருந்ததைப் பெரியவர் சிமெண்டுத் தரையில் ஒரு சுற்று ஓட்டி, நாடா வைத்துப் பார்த்தார். இருபத்து நான்கு அங்குலம். சரியாக இரண்டு அடி. தற்செயலாக அப்படி வராது. செய்தவர் அங்குலக் கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார். முழமும் சாணும் மட்டும் புழங்கிய பட்டறை இல்லை அது. தட்டில் சுத்தியல் தடங்கள் அங்கங்கே தெரிந்தன, கைப்பிடி ஒரே கம்பியை நுனியில் பிளந்து அடித்தது. கம்பெனிச் சரக்கு என்றால் முத்திரை இருந்திருக்கும். வேறு எங்கோ பார்த்து, உள்ளூர் உலையில் செய்துகொண்டது என்பது அவர் கணிப்பு. இங்கிலாந்தின் சக்கரப் பட்டறைகளில் இது எல்லாக் கொல்லரிடமும் இருந்த சாமான். சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்சன் போன்ற குதிரை வண்டிப் பட்டறைகள் அந்த முறையில் சக்கரம் கட்டியவை. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய கைகள் வழியாக இப்படி ஒரு சாமான் மலையடிவாரத்துக்கு வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

சூட்டில் இரும்பு நீள்வது அளவெடுப்பவர்களுக்கு எப்போதும் தலைவலி. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே நில அளவைக்கு அடிக்கோடு போட்டபோது, நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, சென்னை வெயிலில் சங்கிலி எவ்வளவு நீண்டது என்று கணக்குப் போட்டுச் சரிசெய்துகொண்டார். அவருக்கு எதிரியாக இருந்த அதே குணம் வண்டிக் கொல்லருக்குக் கூலியில்லாத வேலையாள்.

எவ்வளவு நீளும்? ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 188 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். மங்கிய சிவப்பு என்றால் சுமார் 600 டிகிரி செல்சியஸ். ஒவ்வொரு டிகிரிக்கும் இரும்பு பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு நீள்கிறது என்று வைத்துப் பெருக்கினால், வளையம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் பெருக்கும். இறுக்கத்துக்குக் குறைத்தது ஒரு அங்குலம் என்றால், சிவந்த வளையம் மரத்தின் மேல் தாராளமாக இறங்கும். இரண்டு அங்குலம் குறைத்துவிட்டால்? அந்தச் சூட்டில் ஏறாது. எப்படியோ சம்மட்டியால் அடித்து ஏற்றினாலும் ஆறும்போது ஆரக்கால் முறியும், அல்லது சக்கரம் கிண்ணம்போல் குழிந்துகொள்ளும். குறைத்தது போதாவிட்டால் நாலு சந்தைக்குப் போய் வருவதற்குள் மறுபடி "லொடக் லொடக்".

மாமா பட்டா ஏற்றுவது விடியலுக்கு முன்னால்தான். நல்ல நாள் பார்த்து என்று ஊரில் நினைத்தார்கள். உண்மைக் காரணம், மங்கிய சிவப்பு வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. பகலில் கறுப்பாகத் தெரிகிற இரும்பு கையைச் சுட்டுவிடும். முதல் நாளே வறட்டியும் சிராயும் வட்டமாக அடுக்கி, நடுவில் பட்டாவைப் புதைத்து வைப்பார்கள். நெருப்பு ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சிவந்தால் வளையம் கோணும். மரச் சக்கரம் தரையில் குடத்துக்குக் குழி தோண்டி மல்லாக்கப் படுத்திருக்கும். நீளக் குறடுகளோடு மூன்று பேர். நாலாவது ஆள் கொக்கி வைத்த நெம்புகோலோடு நிற்பார், ஒரு பக்கம் சண்டித்தனம் பண்ணினால் இழுத்து மாட்ட. சுற்றிலும் பெண்கள் தண்ணீர்க் குடங்களோடு.

இறங்கியதும் வட்டை தீப்பிடிக்கும். பயந்து முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் பட்டா பாதியில் கவ்விக்கொள்ளும், பிறகு அசையாது. சம்மட்டியால் சுற்றிவரத் தட்டி, வட்டையோடு மட்டமானது என்று மூத்தவர் ஒருவர் சொன்ன பிறகே தண்ணீர். அப்போது ஒரு சத்தம் கேட்கும். ஆரக்கால்கள் ஒவ்வொன்றாகக் குடத்துக்குள் இறுகி உட்காருகிற "டக்… டக்…" இடுக்குகள் மூடிக்கொள்ளும். மாமா வாயைத் திறக்காமல் அந்தச் சத்தத்தை எண்ணுவார். ஜார்ஜ் ஸ்டர்ட் என்ற ஆங்கிலேயர் தன் குடும்பப் பட்டறையைப் பற்றி 1923-இல் வெளியிட்ட புத்தகத்தில் பட்டா ஏற்றுவதை விவரித்திருக்கிறார். அங்கே வறட்டி கிடையாது, வெயிலும் அவ்வளவு கிடையாது. மற்றபடி வரிசை இதுவேதான்.

கார்த்திகை தீபம் வந்தால் பட்டறைக்குத் தூக்கம் இருக்காது. மாட்டுச் சந்தைக்குச் சுற்று வட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு வரும். வந்த இடத்தில் கடையாணி தொலைந்திருக்கும், பட்டா தளர்ந்திருக்கும், மூங்கில் குழாயில் மசகு தீர்ந்திருக்கும். அறுவடைக் காலத்தில் மல்லாட்டை மூட்டைகளோடு விற்பனைக் கமிட்டிக்குப் போகும் வண்டிகள். இந்தக் கூட்டம் ஒரே நாளில் கலையவில்லை. முதலில் டயர் வண்டி வந்தது. இரும்பு அச்சு, உருளைத் தாங்கி, காற்றடைத்த டயர். டன்லப் கம்பெனி மாட்டு வண்டிக்கென்றே டயர் விற்றது. மாடு இழுக்கச் சிரமம் குறைவு, பாரம் அதிகம் ஏற்றலாம், தார்ச்சாலையை அறுக்காது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமஸ்வாமி மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேச்சு எட்டுவதற்குள் டிராக்டர் எட்டிவிட்டது. 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கியபோது, பெரியவரின் பட்டறையில் பட்டா வேலையை விட லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கிற வேலை கூடுதலாக இருந்தது. அப்புறம் வெல்டிங் மெஷின் வாங்கி, கேட்டும் கிரில்லும் செய்யத் தொடங்கினார்.

தொழில் செத்துவிட்டது என்று அவரிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். திருச்சி பொன்மலைப் பணிமனையைச் சுட்டிக்காட்டுவார். நீராவி எஞ்சின் சக்கரங்களுக்கும் இரும்புப் பட்டாவைச் சுட வைத்துத்தான் ஏற்றினார்கள், விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்து. அங்கே மரத்தின் இடுக்கு இல்லை, இரும்பின் மேல் இரும்பு. அதனால் குறைப்பது அவ்வளவு கொஞ்சம். இன்றைக்கும் எந்த மெக்கானிக் கடையிலும் பேரிங்கை நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சுட வைத்து அச்சில் தள்ளுகிறார்கள். வேலை அதேதான், வறட்டிதான் இல்லை என்பார்.

அவரிடம் இப்போது பலரும் பழைய சாமான்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். இன்னொரு தடவை வந்தது, கோடாலி அளவுள்ள செம்புக் கட்டி, இரும்புக் கம்பியில் கோத்து, மரப்பிடி போட்டது. செம்புச் சுத்தியல் என்று கொண்டுவந்தவர் விலை வைத்திருந்தார். பெரியவர் நுனியை மட்டும் பார்த்தார். சுத்தியல் என்றால் அடித்த முகம் பரந்திருக்கும். இதன் முகம் சப்பையாகக் கூர்ந்து, ஓரத்தில் வெள்ளையாக ஈயம் ஒட்டியிருந்தது. தகரவேலைக்காரர் பற்றவைக்கிற சாமான். கரியடுப்பில் சுட வைத்து, நவச்சாரத்தில் தேய்த்து, ஈயத்தைத் தொட்டு வைப்பது. கட்டி ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்டதற்கு, சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ள என்றார். சின்னதாக இருந்தால் தகரத்தைத் தொட்ட கணமே ஆறிவிடும். கம்பி ஏன் நீளம்? பிடிக்கு நெருப்பு எட்டாமலிருக்க. இதில் கருகல் இருக்கிறது, மரப்பிடியின் கழுத்து வெந்திருக்கிறது. அளவுச் சக்கரத்தில் இல்லாத தடம் அத்தனையும் இதில் இருந்தது.

பட்டா ஏற்றும் வேலை எப்போதாவது வரும். கடைசியாக அழைத்தது ஊருக்கு வெளியே பண்ணை வீடு கட்டியிருந்த ஒருவர். வாசலில் அலங்காரமாக நிறுத்தி வைக்கப் பழைய வண்டிச் சக்கரம் ஒன்று வாங்கியிருந்தார், பட்டா கழன்று கழன்று விழுந்தது. வெல்டிங் வைத்து வட்டையோடு ஒட்டிவிடலாமா என்று கேட்டார். மரத்தோடு வெல்டிங் ஒட்டாது என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. வறட்டி வேண்டிய அளவு கிடைக்கவில்லை, சவுக்கு விறகைக் கலந்து அடுக்கினார்கள். குறடு பிடிக்கப் பேரனும் பக்கத்து வெல்டிங் கடைப் பையன்களும் வந்தார்கள். அளவெடுக்க வளையத்துக்குள் ஓட்டியது ஒரு பழைய சைக்கிள் பெடல் சக்கரத்தை, பற்களை அரத்தால் அராவிவிட்டு. தளர்ச்சியை நீக்கி, அதற்கு மேல் இறுக்கத்துக்கு முக்கால் அங்குலம் மட்டும் குறைத்தார். பாரம் சுமக்கப் போகிற சக்கரம் என்றால் ஒரு அங்குலம் என்று வைத்திருப்பார். ஆனால் இது ஆடாமல் வெயிலில் நிற்கப் போவது, மரமும் பழசு, ஆரக்காலைச் சோதிக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்.

சக்கரம் நன்றாக வந்தது. வீட்டுக்காரர் சிவப்புச் சாயம் அடிக்கலாமா என்று கேட்டார். அடிக்கலாம், ஆனால் சாயம் வெயிலைத் தடுக்காது, கத்திரியில் பட்டா மறுபடி தளரும், சித்திரை வைகாசியில் தினமும் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்றார் பெரியவர். யார் ஊற்றுவது என்று வீட்டுக்காரர் யோசித்தார். பக்கத்தில் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, அதன் வாயைச் சக்கரத்தின் பக்கம் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னார்.